பொறுப்பை ஒப்படைக்கும் நாள்

காலை எட்டு மணிக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டை பரபரப்படைகிறது. மைசூரு நகரின் வடமேற்கே, வெளிவட்டச் சாலையை ஒட்டிப் பரந்துள்ள இப்பகுதியில் ஆலைகளும் மென்பொருள் நிறுவனத்தின் பெருவளாகமும் ஏரியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பணிக்கு விரைவோரின் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் வாயில்களில் குவியும் வேளையில், ஓர் ஆலை வாயிலின் எதிரே நாம் சற்று நின்றோம். அங்கே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலருக்கு வயது ஐம்பதைக் கடந்திருக்கும். நீட்டிய கை மடங்கவில்லை. காலணியின் மெருகு குலையவில்லை. எந்த ஓட்டுநரிடமும் அவர் குரலை உயர்த்தவில்லை. சரக்கு வண்டிக்கு ஒரு சைகை, நடந்து வருவோருக்கு ஒரு சைகை என எல்லாவற்றையும் கையாலேயே சொன்னார். அவர் படையிலிருந்து வந்தவர் என்பதை எவரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

நம் வங்கியின் கிளைகள் பலவற்றிலும் இத்தகைய முன்னாள் படைவீரர்களை வாடிக்கையாளர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். கதவருகே நிற்பவராக, ஓய்வூதியக் கணக்கின் உரிமையாளராக, மகளின் கல்விக் கடனுக்குக் கையொப்பமிட வந்த தந்தையாக அவர் நம் முன் வருகிறார். சீருடையைக் களைந்த நாளில் அவரிடம் அவருடைய தலைவர் என்ன சொல்லி விடைகொடுத்திருப்பார்? அந்தத் தலைவர் தாம் விடைபெற்ற நாளில் தம் வீரர்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? ஹெப்பாள் வாயிலில் எழுந்த இவ்வினாக்களே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

இங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால், இந்தியத் தரைப்படையின் இராணுவக் காவல்துறைக்குரிய பயிற்சி மையமும் பள்ளியும் அமைந்த பெங்களூருவை அடையலாம். மேற்கே 120 கிலோமீட்டர் அளவில் சென்றால், தரைப்படைக்குத் தலைமை தாங்கிய இரு பெருந்தளபதிகளை ஈன்ற குடகு மலைநாட்டை அடையலாம். படைத்தலைவன் ஒருவன் விடைபெறுதல் என்பதன் பொருளை அறிய, இவ்விரு திசைகளும் நமக்கு வழிகாட்டுகின்றன.

பிரியாவிடையின் மரபுகள்

படைப்பிரிவு ஒன்றில் கட்டளை அதிகாரி மாறும்போது சில மரபுகள் தவறாது பின்பற்றப்படுகின்றன. அவற்றுள் முதன்மையானது ‘சைனிக் சம்மேளன்’ எனப்படும் வீரர் கூட்டம். வழக்கமான நாள்களில் வீரர்களின் குறைகளைக் கேட்கவும் ஆணைகளை விளக்கவும் கூட்டப்படும் இக்கூட்டத்தில், விடைபெறும் தலைவர் இறுதியாக ஒருமுறை எல்லோர் முன்னும் நின்று பேசுகிறார். தொடர்ந்து ‘படாகானா’ என்னும் பெருவிருந்து நடைபெறுகிறது. அதிகாரியும் சிப்பாயும் சமையற்காரரும் வேறுபாடின்றி ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து அது. தலைவர் புறப்படும்போது அவர் அமர்ந்த ஜீப்பைக் கயிறு கட்டி, அதிகாரிகளும் வீரர்களும் தம் கைகளால் இழுத்துச் சென்று வாயில்வரை வழியனுப்பும் வழக்கமும் உண்டு. ஆணையிட்டவரை ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களே இழுத்துச் செல்லும் அக்காட்சியில், பதவியின் அதிகாரம் முடிவுற்று மனிதர்களின் அன்பு மட்டும் எஞ்சிநிற்பதை எவரும் உணரலாம்.

விருந்துக்கும் கயிற்றுக்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அதுவே பொறுப்பை ஒப்படைத்தல். ஆயுதக் கிடங்கு, பதிவேடுகள், வண்டிகள், நிதி, நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகிய அனைத்தும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டு, வருபவரும் போகிறவரும் கையொப்பமிடுகின்றனர். வங்கிப் பணியில் இருப்போர்க்கு இது நன்கு பழக்கமானதே. பெட்டகத்தின் சாவி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது, பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட்ட பின்னரே முந்தையவர் வீடு திரும்ப முடியும்.

ஆயினும் படைத்தலைவன் ஒப்படைக்கும் பொருள்களுள் எண்ணிக் கணக்கிட இயலாத ஒன்றும் உண்டு. அது மனிதர்களின் வாழ்க்கை. எத்தனை பேரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டான், எத்தனை பேரை எந்த நிலையில் விட்டுச்செல்கிறான் என்பதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. அவனுடைய பிரியாவிடை உரை அந்த வெற்றிடத்தை நிரப்பவே பிறக்கிறது.

சிவப்புத் தொப்பியினர்

இந்தப் பொறுப்பு எல்லாரினும் கடினமாக அமைவது இராணுவக் காவல்துறையின் தலைவருக்கு. மக்கள் ‘மிலிட்டரி போலீஸ்’ என்றழைக்கும் இத்துறையினரைச் சிவப்புத் தொப்பியும் வெண்ணிற இடைவாரும் எளிதில் அடையாளம் காட்டும். இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய இத்துறை, பின்னர் வளர்ந்து தனிப் படைத்துறையாக நிலைபெற்றது. இதன் குறிக்கோள் ‘சேவா ததா ஸஹாயதா’. தொண்டும் உதவியும் என்பது அதன் பொருள்.

போர்க்காலத்தில் பல்லாயிரம் வண்டிகள் ஒரே சாலையில் முன்னேறும்போது, எது முதலில் செல்ல வேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்று வழிப்படுத்துவது இவர்களின் பணி. படையிலிருந்து பிரிந்து தனித்துவிட்ட வீரர்களைத் திரட்டி அவரவர் பிரிவுக்கு அனுப்புதல், போர்க்கைதிகளைப் பெற்றுக் காத்தல் ஆகியனவும் இவர்கள் பொறுப்பே. அமைதிக்காலத்தில் படைக்குடியிருப்புகளின் ஒழுங்கையும், குற்றங்களின் புலனாய்வையும் கவனிக்கிறார்கள். குடியரசு நாள் போன்ற விழாக்களில் மோட்டார் சைக்கிள் சாகசம் காட்டும் ‘ஷ்வேத் அஷ்வ’ குழுவும் பெங்களூரு மையத்தைச் சேர்ந்ததே.

தம் தோழர்களையே கண்காணிக்கும் பணி எவருக்கும் இனிப்பதில்லை. நேற்று ஒரே தட்டில் உண்டவனை இன்று தடுத்து நிறுத்தி விசாரிக்க நேரலாம். இங்கே சட்டம் ஓர் எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைந்துள்ளது. 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு ‘புரோவோஸ்ட் மார்ஷல்’ எனப்படும் இராணுவக் காவல் தலைவரின் கடமைகளைக் கூறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்யவும் காவலில் வைக்கவும் ஒழுங்கைப் பேணவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தாமாக எந்தத் தண்டனையும் வழங்க அவருக்கு அதிகாரம் இல்லை. தண்டனையை முடிவு செய்வது கட்டளை அதிகாரியோ படைத்துறை நீதிமன்றமோ ஆகும்.

இச்சட்ட வரியின் நுட்பத்தை நாம் உணர்தல் வேண்டும். காவல் என்பது ஒருவரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வது. ஏற்றுக்கொண்டவர் எத்தகைய குற்றவாளியாயினும், அவரை நீதியின் வாயிலில் குறைவின்றி ஒப்படைக்கும்வரை அவர் உயிருக்கும் மானத்துக்கும் காவலரே பிணை. கைப்பொருளை வைப்பாகப் பெற்ற வங்கி அதைத் தன் விருப்பம்போல் கையாள முடியாதவாறே, காவலில் பெற்ற மனிதரையும் காவலர் தம் விருப்பம்போல் நடத்த முடியாது.

2021ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பெங்களூரு மையத்தின் துரோணாச்சாரியா அணிவகுப்பு மைதானத்தில் 83 பெண்கள் 61 வாரப் பயிற்சியை நிறைவு செய்து இத்துறையில் சேர்ந்தனர். அதுவரை தரைப்படையில் பெண்கள் அதிகாரிகளாகப் பணியாற்றி வந்தனர். படைவீரர் நிலையில் பெண்கள் சேர்ந்தது அதுவே முதன்முறை. பெருந்தொற்றுக் காலமாதலால் ஆரவாரம் இன்றி அவ்விழா நடந்தது. காவல் பணி, வண்டி ஓட்டுதலும் பராமரித்தலும், தகவல் தொடர்பு ஆகியவற்றுடன் போர்க்கைதிகளைக் கையாளும் முறையையும் அவர்கள் கற்றிருந்தனர். அந்தக் கடைசிப் பாடத்தின் அருமையை அறிய, நாம் 1953ஆம் ஆண்டின் கொரியாவுக்குச் செல்ல வேண்டும்.

கொரியாவில் ஒரு காவல் பணி

கொரியப் போர் 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்தத்தில் முடிந்தது. தம் நாட்டுக்குத் திரும்ப விரும்பாத போர்க்கைதிகளை என்ன செய்வது என்னும் சிக்கல் மட்டும் தீரவில்லை. அதைத் தீர்க்க ஐந்து நாடுகள் கொண்ட நடுநிலை ஆணையம் அமைக்கப்பட்டது. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவற்றுடன் இந்தியாவும் அதில் இடம்பெற்றுத் தலைமை ஏற்றது. குடகில் பிறந்து, நீலகிரியின் குன்னூரிலும் பெங்களூருவிலும் பள்ளிக் கல்வி பயின்ற ஜெனரல் கே. எஸ். திம்மையா அவ்வாணையத்தின் தலைவர். கைதிகளை நேரடியாகக் காக்கும் இந்தியக் காவற்படைக்குத் தலைவர் மேஜர் ஜெனரல் எஸ். பி. பி. தோரட்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே சென்றனர். தம் மண்ணில் இந்தியப் படை கால்வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தடை விதித்தமையால், கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, படை நடமாட்டம் விலக்கப்பட்ட எல்லைப் பகுதியில் இறக்கினார்கள். அங்கே இந்தியர் அமைத்த பாசறைக்கு ‘ஹிந்த் நகர்’ என்று பெயர். ஐ.நா. தரப்பிலிருந்து 22,000க்கும் மேற்பட்ட கைதிகளும், வடக்குத் தரப்பிலிருந்து ஏறத்தாழ 350 கைதிகளும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

அக்கைதிகளைக் காத்தல் எளிதாக இருக்கவில்லை. முள்வேலிக்குள்ளேயே கட்சிகள் இருந்தன. தாயகம் திரும்ப விரும்பியவனை உடனிருந்தோரே தாக்கிக் கொல்லும் நிலையும் இருந்தது. மொழி தெரியாத நாட்டில், தமக்குப் பகைவரல்லாத மனிதர்களை, இரு வல்லரசுகளின் ஐயப்பார்வைக்கு நடுவே நம் வீரர்கள் காத்தனர். ஒருமுறை கைதிகள் இந்திய மேஜர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டபோது, தோரட் தாமே முள்வேலிக்குள் சென்று அவர்களுடன் பேசி அவரை மீட்டார். எல்லா நேரமும் பேச்சு வெல்லவில்லை. துப்பாக்கிச் சூடு நேர்ந்து கைதிகள் உயிரிழந்த நிகழ்வுகளும் உண்டு. அத்துயரங்களும் அந்தப் பணியின் கணக்கில் சேர்ந்தவையே.

1954ஆம் ஆண்டு ஜனவரியில் கைதிகள் அவரவரைச் சிறைப்பிடித்த தரப்பிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டனர். எந்தத் தரப்பையும் விரும்பாத 88 பேர் நடுநிலை நாட்டைத் தேர்ந்து, இந்தியப் படையுடன் இந்தியாவுக்கே வந்தனர். தம்மைக் காவல் காத்தவர்களின் நாட்டை நம்பிக் கடல் கடந்த அந்த 88 பேரைவிடச் சிறந்த நற்சான்றை எந்தக் காவற்படையும் பெற்றிருக்க முடியாது என்று நாம் கருதுகிறோம்.

திம்மையாவின் கொரிய நினைவுகள் ‘எக்ஸ்பெரிமெண்ட் இன் நியூட்ராலிட்டி’ என்னும் நூலாக அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன. தோரட் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ‘ஃப்ரம் ரெவேலி டு ரிட்ரீட்’ என்று பெயர் வைத்தார். வைகறையில் வீரர்களை எழுப்பும் எக்காள ஒலி முதல், மாலையில் கொடியிறக்கும்போது எழும் ஒலி வரை என்பது அதன் கருத்து. ஒரு நாளின் பணியாகவே தம் முழு வாழ்வையும் அவர் கண்டார் போலும்.

எச்சரிக்கையாக அமைந்த பிரியாவிடை

திம்மையா 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓய்வு பெற்றார். கிழக்குப் பகுதிப் படைக்குத் தலைமை தாங்கிய தோரட்டும் அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். வடகிழக்கு எல்லையில் சீனப் படை முன்னேறினால் என்ன நேரும் என்பதை 1960ஆம் ஆண்டிலேயே ‘லால் கிலா’ என்னும் போர்ப்பயிற்சியின் வாயிலாக எடுத்துக்காட்டியவர் தோரட்.

திம்மையா தம் பிரியாவிடை உரையில், தாம் விட்டுச்செல்லும் வீரர்கள் சீனரின் பீரங்கிகளுக்கு இரையாகாதிருக்க வேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார் என்பது அவரைப் பற்றிய நூல்களில் பதிவாகியுள்ளது. விடைபெறும் மேடை புகழுரைகளுக்குரியது. அங்கே நின்று, குளிருக்கேற்ற உடையும் தகுந்த படைக்கலமும் இல்லாது மலைமுகடுகளில் நிற்கப்போகும் சிப்பாயை ஒருவர் நினைத்தார். பதினேழு மாதங்களில், 1962ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அவர் அஞ்சியது நிகழ்ந்தது.

தலைவன் விடைபெறும்போது இனிய சொற்களைக் கூறிச் செல்வது எளிது. தனக்குப் பின் வருவோர் கேட்க விரும்பாத உண்மையை, தன் வீரர்களின் பொருட்டுச் சொல்லிவிட்டுச் செல்வது அரிது. பதிவேட்டில் எழுதாமல் விட்ட குறையை, சாவியை ஒப்படைக்கும் நாளிலாவது வாய்திறந்து கூறும் நேர்மை அது. ஓய்வுக்குப் பின் 1964ஆம் ஆண்டில் சைப்ரசு தீவில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை ஏற்ற திம்மையா, 1965ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அப்பணியிலேயே உயிர் நீத்தார். அந்நாடு அவர் உருவத்துடன் அஞ்சல்தலை வெளியிட்டு நன்றி பாராட்டியது.

ஜனவரி 14

குடகின் மற்றொரு மைந்தர் ஃபீல்டு மார்ஷல் கே. எம். கரியப்பா. மடிக்கேரியில் பள்ளிக் கல்வியும் சென்னை மாநிலக் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்று, 1919ஆம் ஆண்டில் படைப்பயிற்சிக்குத் தேர்வானவர். 1949ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், ஆங்கிலேயத் தளபதியிடமிருந்து தரைப்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர். அந்நாளையே நாம் ஆண்டுதோறும் தரைப்படை நாளாகக் கொண்டாடுகிறோம்.

அவர் ஓய்வு பெற்ற நாள் 1953ஆம் ஆண்டு ஜனவரி 14. ஓய்வுக்கு முன் அவர் தம் இளமைக்கால ராஜ்புத் படைப்பிரிவின் மையத்துக்கு, தம் மகனையும் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு விடைபெறச் சென்றார். அந்த ஜனவரி 14 இப்போது முன்னாள் படைவீரர் நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. பொங்கல் திருநாளை ஒட்டி வருவதால் தமிழ்நாட்டில் பலர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர். ஒருவர் பதவி ஏற்ற நாளைக் கொண்டாடுவது உலக வழக்கம். அவர் பதவியிலிருந்து இறங்கிய நாளையும் கொண்டாடும் சிறப்பு அரிதாகவே வாய்க்கும்.

அச்சிறப்புக்குக் காரணம், இறங்கிய பின்னும் அவர் வீரர்களை விட்டுவிடவில்லை என்பதே. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தியத் தூதராகப் பணியாற்றித் திரும்பிய அவர், முன்னாள் படைவீரர்களின் நல்வாழ்வுக்காக நாட்டளவில் ஓர் அமைப்பு தேவை என்று உழைத்தார். இந்திய முன்னாள் படைவீரர் கழகம் 1964ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் தோன்றியது.

அதற்கடுத்த ஆண்டு அவர் சொல்லும் செயலும் ஒன்றா என்பதற்குச் சோதனை வந்தது. 1965ஆம் ஆண்டுப் போரின் இறுதி நாளில், விமானப்படையில் இருந்த அவர் மகன் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பாகிஸ்தானில் போர்க்கைதியானார். அந்நாட்டு அதிபர் அயூப் கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ்ப் பணியாற்றியவர். மகனை விடுவிக்க அவர் முன்வந்தார் என்றும், கைதிகள் அனைவரும் தம் பிள்ளைகளே, ஒருவனுக்கு மட்டும் தனிச்சலுகை வேண்டா என்று கரியப்பா மறுத்தார் என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. மகன் மற்றக் கைதிகளோடு பின்னரே தாயகம் திரும்பினார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும், ஒப்படைத்துவிட்ட பொறுப்பை மனத்திலிருந்து இறக்காத ஒரு தந்தையின் முடிவு அது. 1986ஆம் ஆண்டில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்ற அவர், 1993ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பெங்களூருவில் மறைந்தார்.

இரண்டாவது வாழ்க்கை

தளபதிகளின் பிரியாவிடை வரலாற்றில் இடம்பெறுகிறது. சிப்பாயின் பிரியாவிடை ஒரு மாலையோடும் ஒரு குழுப் புகைப்படத்தோடும் முடிந்து, மறுநாள் அவர் இரும்புப் பெட்டியுடன் ரயிலேறுகிறார். அரசுப் பணியாளர் பலர் அறுபதில் ஓய்வு பெறும்போது, படைவீரர் முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளிலோ வெளிவருகிறார். பிள்ளைகள் பள்ளியில் இருப்பர்; வீட்டுக்கடன் பாதியில் நிற்கும்; பெற்றோர்க்கு மருத்துவச் செலவு தொடங்கியிருக்கும். 2022ஆம் ஆண்டில் வந்த அக்னிபத் திட்டத்தின் கீழ்ச் சேரும் இளைஞர்களுள் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில், ஓய்வூதியம் இன்றி, ‘சேவா நிதி’ என்னும் ஒரே தொகையுடன் வெளிவருவர். ஆதலின் விடைபெறும் நாளுக்கான ஆயத்தம் முன்னெப்போதையும்விட இன்று இன்றியமையாதது.

ஓய்வுபெறும் வீரரின் கணக்கில் குறுகிய காலத்துக்குள் பல தொகைகள் வந்து சேர்கின்றன. பணிக்கொடை, வருங்கால வைப்புநிதி, குழுக்காப்பீட்டு முதிர்வு, விடுப்புக்கு ஈடான பணம், ‘கம்யூட்டேஷன்’ எனப்படும் ஓய்வூதிய முன்தொகை ஆகியன அவை. கம்யூட்டேஷனில் ஓய்வூதியத்தின் பாதியளவு வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். அதற்கீடாக மாத ஓய்வூதியம் குறையும். குறைந்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் சேரும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே ஒன்றாகக் காணும் இப்பெருந்தொகையைக் கண்டு உறவினரும், மிகுந்த வட்டி தருவதாகக் கூறுவோரும் வாயிலுக்கு வருவர். இருபது ஆண்டு உழைப்பின் பயன் இரண்டு மாதங்களில் கரைந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

நம் வாசகர்களுள் படைவீரரும் அவர்தம் குடும்பத்தாரும் பலர் உளர். அவர்களுக்குச் சில சொற்கள். தொகை வந்த முதல் ஆறு மாதங்கள் எந்தப் பெருமுதலீட்டையும் முடிவு செய்யாது, அதைப் பாதுகாப்பான வைப்பில் வைத்திருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த நாளும் படைப் பதிவேட்டிலும் ஆதாரிலும் ஓய்வூதிய ஆணையிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்பதைப் பணியில் இருக்கும்போதே சரிபாருங்கள். ஓரெழுத்து வேறுபாடு, கணவரை இழந்த பெண்ணைக் குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பல மாதங்கள் அலையவைக்கும். எல்லாக் கணக்குகளிலும் வாரிசு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள்.

பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணைய அமைப்பின் வழியே நேரடியாக வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று அளித்தல் வேண்டும். கைரேகையோ முகப்பதிவோ கொண்டு ‘ஜீவன் பிரமாண்’ முறையில் இதனைச் செய்யலாம். சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டு ஓடிபி பெற முயல்வோரை நம்பாதீர்கள். எந்த வங்கி அலுவலரும் ஓடிபி எண்ணைக் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், பிள்ளைகளின் கல்வி உதவி முதலிய நலத்திட்டங்களை அறிந்து பயன்பெறலாம். 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையையும் காலத்தே பெற்றுக்கொள்ளுங்கள்.

இவை சிறு செயல்களே. எனினும் தலைவன் தன் வீரனிடம் விடைபெறும்போது கூறும் நல்வாழ்த்து, இச்சிறு செயல்களின் வழியாகவே வீட்டுக்குள் வந்து சேர்கிறது. வாழ்த்து மட்டும் வந்து ஓய்வூதியம் வராவிடில், அப்பிரியாவிடை முழுமை பெற்றதாகாது.

மீண்டும் ஹெப்பாளில்

மாலையில் மீண்டும் அவ்வாயிலைக் கடந்தோம். காலைக் காவலர் பணி முடித்துப் புறப்படும் நேரம். அடுத்து வந்தவரிடம் சாவிக்கொத்தையும் பதிவேட்டையும் ஒப்படைத்தார். வந்தவர் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடும்வரை அவர் இருக்கையில் அமரவில்லை. பின்னர், வளாகத்தின் பின்புறம் விளக்கொன்று எரியவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அதைப் பதிவேட்டில் எழுதவும் செய்தார். அதன் பிறகே தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

கொரியாவில் இருபத்திரண்டாயிரம் பேரைத் திருப்பி ஒப்படைத்தவரும், டெல்லியில் ஒரு பெரும்படையை அடுத்தவர் கையில் விட்டுச்சென்றவரும் செய்ததும் இதுவே. பெற்றதைக் குறைவின்றித் தருதல், குறையிருந்தால் மறைக்காமல் சொல்லுதல். எரியாத விளக்கு ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லும் அக்காவலரின் செயலிலும் அந்தப் பயிற்சியே தெரிகிறது. அடுத்த ஜனவரி 14 அன்று, பொங்கல் பானை பொங்கும் வேளையில், உங்கள் தெருவில் உள்ள மிலிட்டரிக்காரர் வீட்டுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.